சிங்கப்பூரில் நன்றாக மூச்சு வந்தது

எங்கள் கல்லூரியில் கப்பல் சரக்குப் போக்குவரத்து படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களைப் போன ஜனவரியில் ஐந்து நாள் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனார்கள். பெரிய துறைமுகம் எப்படி இயங்குகிறது என்று காட்டத்தான். மொட்டை மாடியில் ஏறினால் எண்ணூர்த் துறைமுகத்தின் கிரேன் தெரிகிற எனக்கு இன்னொரு துறைமுகம் எதற்கு என்று கேட்டேன். எண்ணூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாதான், வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஏரோப்ளேனில் குந்திப் பார் என்று துரத்திவிட்டாள்.

வடசென்னைக்காரர்கள் விமான நிலையத்துக்குக் கார் பிடித்துக் காசைக் கரியாக்க வேண்டாம். காத்திவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் விம்கோ நகர், இருபது ரூபாய். அங்கே மெட்ரோ ஏறினால் நேராக விமான நிலையம், ஐம்பது ரூபாய், ஒரு மணி நேரம் சொச்சம். விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். ஜனவரியில் போனால் குடை அவசியம்.

லிட்டில் இந்தியா பக்கத்தில் ஒரு விடுதி. என்னோடு அறையில் ராயபுரத்து நஸ்ரின். முதல் நாள் காலையில் ஒரு நெடி மூக்கில் ஏறித்தான் எழுந்தேன். அமோனியா. எங்கள் பக்கத்தில் ஒரு ஆலையில் அது ஒரு முறை கசிந்து ஊரே ஓடியிருக்கிறது. அன்றிலிருந்து அம்மாவுக்கு மூச்சு சரியில்லை, எனக்கும் இன்ஹேலர் இல்லாமல் விடியாது. அதனால் யோசிக்கவே இல்லை. துப்பட்டாவை நனைத்து முகத்தில் கட்டினேன், தூங்கிக்கொண்டிருந்த நஸ்ரின் முகத்தில் ஈரத் துண்டைச் சுற்றினேன், எல்லாக் கதவையும் தட்டி வகுப்பு மொத்தத்தையும் நைட்டியும் லுங்கியுமாகத் தெருவில் இறக்கினேன். எதிர்க் கட்டடத்துக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, காற்று வருகிற பக்கமாக அவர்களை ஓட்டிக்கொண்டு போனேன். காற்றை எதிர்த்து ஓட வேண்டும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பின்னாலேயே விடுதியில் துப்புரவு வேலை செய்யும் பெண்மணி ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கழிவறைத் தரை துடைக்கிற மருந்து. அவ்வளவுதான். அம்பத்தூர், தாம்பரம் பையன்கள் நடுத்தெருவில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஐந்து நாளும் எனக்கு ஃபயர் சர்வீஸ் என்றுதான் பெயர். நானும் சிரித்தேன், என்ன செய்வது.

மறுநாள் துறைமுகம். ஆளே இல்லாத கிரேன்கள் கண்டெய்னரை எடுத்து அடுக்குவதைப் பஸ்ஸுக்குள் இருந்தபடி பார்த்தோம், இறங்க விடவில்லை. அங்கே ஒரு கம்பெனி வருடா வருடம் நம் பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுக்கிறது, மெயிலில் விண்ணப்பம் அனுப்பலாம் என்று பேராசிரியர் சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவை விட்டு எங்கே போவது?

சாயங்காலம் அம்மாவுக்கு போன் போட்டு ஃபயர் சர்வீஸ் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"இப்ப மூச்சு எப்டி கீது?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. வந்ததிலிருந்து இன்ஹேலரை எடுக்கவே இல்லை. இருமல் இல்லை, நெஞ்சில் விசில் இல்லை. புத்தி இல்லாமல், சந்தோஷமாக அதை அப்படியே சொன்னேன். போனில் அவளுக்கு மூச்சு இழுப்பது கேட்டது.

"அப்ப அங்கியே ஒரு வேலைய பாத்துக்கோமே. இங்க வராத."

"நீ?"

"நா இன்னா, இங்கியே கீறேன்."

அப்புறம் பார்த்த பூங்கா, கடற்கரை எதுவும் எனக்கு ஞாபகமில்லை. விலாசமும் டிக்கெட் விலையும் வேண்டுமென்றால் நஸ்ரினைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். நல்ல காற்றை இழுக்கும்போதெல்லாம் அழுகை வந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் ஏதோ வாங்கித் தின்பது மாதிரி இருந்தது.

திரும்பும்போது மெட்ரோவிலிருந்து இறங்கிப் படியில் வரும்போதே இருமல் பிடித்துக்கொண்டது. கீழே அம்மா நின்றிருந்தாள். ஊர் எப்படி, என்ன சாப்பிட்டாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மருந்து எடுத்துப் போனால் டாக்டர் சீட்டும் கையில் இருக்கட்டும். ஹாக்கர் சென்டர் என்கிற சாப்பாட்டுக் கடைத் தொகுதியில் ஆறு டாலருக்கு வயிறு நிறையும். சிம் கார்டை விமான நிலையத்திலேயே வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு போன் பண்ணும்போது அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

அந்தப் பயிற்சிக் கம்பெனி விஷயத்தை நஸ்ரின் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். வந்த நாளிலிருந்து ராத்திரி சாப்பிடும்போது அம்மா தவறாமல் கேட்பாள், "அப்ளை பண்ட்டியா?" "பண்ட்டேம்மா" என்பேன். வாய் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

நேற்று மத்தியானம் நிஜமாகவே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். ராத்திரி அவள் கேட்டபோது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.