இருபத்தோராவது ‘இடமில்லை’

மக்கெரெத்தா கண்டாவுத் தீவுக்காரி. தலைநகர் சுவாவில் கப்பல் டிக்கெட் விற்கும் மென்பொருளை எழுதிப் பிழைக்கிறவள். அம்மா இறந்ததிலிருந்து கறுப்புதான் உடுத்தினாள். நூறாம் நாள் இந்தச் சனிக்கிழமை. அன்று சொந்தபந்தத்துக்கு நடுவில் கறுப்பைக் களையவேண்டும், அதுவும் மூத்த மகள் முதலில். ஊருக்கு வாரத்தில் ஒரே கப்பல், வெள்ளி மாலை. பழுது தீராமல் விடுப்பு கிடையாது என்று மேலாளர் சொல்லிவிட்டதால் டிக்கெட்கூட எடுக்கவில்லை.

பழுது இதுதான். டிக்கெட் கேட்பவர்களுக்காக மென்பொருளுக்குள் நாற்பது இழைகள், நாற்பது வேலையாட்கள் மாதிரி, ஒரே நேரத்தில் ஓடும். கப்பல் கம்பெனிக் கணினியோடு பேச அவற்றுக்குப் பொதுவாக இருபது இணைப்புகள். ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடர்பு பிடிக்க நேரமாகும் என்பதால், ஒரு இழை பேசி முடித்த இணைப்பையே அடுத்தது எடுத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடும். மத்தியானத்தில் இழைகள் எல்லாம் இணைப்புக்குக் காத்து அப்படியே நின்றுவிடும். மூன்று வாரமாகக் கணினியை அணைத்து அணைத்துப் போட்டு அவள் ஓய்ந்துபோனாள்.

வெள்ளி பதினோரு மணிக்குப் பதிவுகளைப் பார்த்தாள். திரும்பி வராத இணைப்பு ஏழு. ‘இடமில்லை’ என்று வந்த பதிலும் ஏழு. அந்தப் பதில் வந்தால் மீதியைப் படிக்காமல், இணைப்பைத் திருப்பிப் போடாமல் வெளியேறுகிற வரியை எழுதியவள் அவளேதான், ஒன்பது வருடத்துக்கு முன்னால். அப்போது கப்பல் நிறைவது அபூர்வம்.

பக்கத்து மேசை பிலிமோனி அவள் அம்மாவின் தம்பி மகன். கேலி செய்ய உரிமையுள்ள முறை.

“அட மச்சினி! யங்கோனா வேர்த்தண்ணி குடிக்கிற எடத்துல எல்லாருக்கும் ஒரே கொட்டாங்கச்சிதானே? குடிச்சு முடிச்சுத் திருப்பிக் குடுத்தாத்தான் அடுத்தவனுக்கு. நீ கசக்குதுன்னு பாதியில பையில போட்டுட்டுப் போயிருக்க!”

“வாயை மூடு மச்சான். நான் எழுதினதைச் சரிபாத்துக் கையெழுத்துப் போட்டவன் நீ.”

“கையெழுத்துதான் போட்டேன். எங்க படிச்சேன்?”

இரண்டு வரியில் சரியாயிற்று. ஆனால் இருபது மறுப்புக்கு மேல் தாங்குகிறதா என்று பார்த்தாகவேண்டும். மூன்று மணிக்குள் இருபது பேருக்கு இடமில்லை என்றாகி, இருபது இணைப்பும் திரும்பி வந்தன. இருபத்தொன்றாவதாக அவளே கேட்டாள்: கண்டாவு, இன்று, ஒரு ஆள்.

உடனே பதில் வந்தது. இடமில்லை. இணைப்பு ஒழுங்காகத் திரும்பி வந்தது.

பிலிமோனி போன வாரமே எடுத்த டிக்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். “நீ போ. எனக்கு அத்தைதான். உனக்கு அம்மா.”

“அதுல உன் பேரு இருக்கு மச்சான். பேரு மாத்த முடியாதபடி எழுதினதும் நான்தான்.”

நூறாம் நாள் சடங்குக்குக் கொடுக்கவென்று மேசைக்கடியில் சுற்றிவைத்திருந்த பாயை அவன் கையில் கொடுத்தாள். “தங்கச்சிய மொதல்ல களையச் சொல்லு. எனக்காகக் காத்திருக்க வேணாம்.”

மேலாளர் எட்டிப் பார்த்து, இனி விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவள் தலையாட்டிவிட்டு, கறுப்புப் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.