பம்பு ஓடிய வரைக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். லைனில் ஏதோ கோளாறு. யார் பேசினாலும், பேசியது அரை நொடி கழித்து அவரவர் காதுக்கே திரும்பி வந்தது. மாப்பிள்ளை பெரிய பேச்சுக்காரர், கூட்டம் என்றால் மைக்கை விடமாட்டார். அவர் "மாமா... நல்லா... நல்லா இருக்... இருக்கீங்..." என்று திணறி, போனை மகளிடம் திணித்துவிட்டு எழுந்து போய்விட்டார். நானோ மழை, முழங்கால் வலி, மாடிவீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது என்று பத்து நிமிடம் ஒரே மூச்சில் பேசித் தள்ளினேன். மகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பா, நீங்களா பேசுறீங்க?" என்றாள்.

உங்களுக்கு விஷயம் தெரியாதில்லையா, சொல்லிவிடுகிறேன். நான் திக்குவாய். ஐந்து வயதில் பிடித்தது, எண்பது தாண்டியும் விடவில்லை. எழுத்தில் அது தெரியாது, அதனால்தான் கிடைத்தது சாக்கு என்று இப்படி நீட்டி முழக்குகிறேன். எல்லாருடைய நாக்கையும் கட்டிப்போடுகிற எதிரொலி என் நாக்கை மட்டும் அவிழ்த்துவிடும் என்பது மகளுக்குப் புதுசு. எனக்கு அறுபது வருஷப் பழசு. திருச்சியில் ஒரு பௌதிக லேபில் அதைக் கண்டுபிடித்தோம். வேறொன்றைத் தேடும்போது கண்டுபிடித்தோம். சீமையில் எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதைப் பிறகு கண்டுபிடித்தோம்.

அப்போது எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஜாகை, திருச்சியில் பாதிரிமார் நடத்திய ஒரு கல்லூரியில் வேலை. சாயங்காலம் பஸ்ஸில் ஏறி "ஸ்ரீரங்கம்" என்று டிக்கெட் கேட்க வேண்டும். அந்த 'ஸ்ரீ' இருக்கிறதே, பெருமாள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஜென்மத்துக்கும் என் வாயில் வராது. 'அ' வரும். அதனால் "அம்மா மண்டபம்" என்று கேட்டு, அங்கேயே இறங்கி, மிச்சத்தை நடப்பேன். ஆறு மாதம் இப்படி நடந்தேன். ஒருநாள் நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் ஸ்ரீரங்கத்துக்கே டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். "எத்தனை நாளைக்குத்தான் சார் நடப்பீங்க? உக்காருங்க" என்றார். மானம் போயிற்று என்று நினைத்தேன். கால்வலியும் போயிற்று என்பதை மறைக்கக் கூடாது.

கல்லூரியில் நான் டெமான்ஸ்ட்ரேட்டர். பிள்ளைகளுக்குக் கம்பி இணைத்துக் காட்டுகிற உத்தியோகம். வருஷாவருஷம் புதுப்பித்தால்தான் உண்டு. லெக்சரர் ஆகிவிட்டால் நிரந்தரம். லால்குடியில் என் அப்பா, பையன் லெக்சரர் ஆகப்போகிறான் என்று நெல் மூட்டை ஏற்ற வந்தவரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நிரந்தரத்தைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. ஒரு வகுப்பில் மேடையேறி, மணி அடிக்கிறவரை, ஒரு மணி நேரம் முழுசாகப் பேச வேண்டும். சிரிக்காதீர்கள். சிலருக்கு இமயமலை, எனக்கு இது.

அந்தக் கல்லூரியில் ஆராய்ச்சி என்று ஒன்று நடந்தது. நடத்தியவர் சேஷாத்ரி சார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் திருமண், கோயிலில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் முன்வரிசை. ஒரு எழுத்து பிசிறாது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், மூலக்கூற்றுக் கற்றையை இங்கே உண்டாக்காமல் விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தார். பொட்டாசியத்தைச் சின்ன அடுப்பில் ஆவியாக்கி, மெல்லிய கீறல் வழியாக ஒரு குழாய்க்குள் விட வேண்டும். அது நேர்கோட்டில் பறந்துபோய், மறுமுனையில் காய்ந்து சிவந்திருக்கும் டங்ஸ்டன் கம்பியில் மோத வேண்டும். மோதினால் எலக்ட்ரானைப் பறிகொடுத்து அயனியாகும். அயனி வந்ததென்றால் சுவரில் விழும் கால்வனாமீட்டரின் ஒளிப்பொட்டு நகரும். ஆனால் குழாய்க்குள் துளிக் காற்று இருந்தாலும் காரியம் கெட்டது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நேராக நடந்து பாருங்கள், புரியும்.

மூன்று வருஷமாகப் பொட்டு நகரவில்லை. ஒரே ஒருதரம் நகர்ந்தது. சார் துள்ளிக் குதித்தார். வெளியே லாரி போனதால் சுவர் அதிர்ந்திருக்கிறது.

காற்றை வெளியேற்ற ஒரு பம்பு. பெல்ட் போட்ட ராட்சசன். அது ஓடினால் அலமாரிக் கண்ணாடியெல்லாம் கடகடக்கும். சூடான எண்ணெய் வாடை சட்டையில் ஏறி, ஸ்ரீரங்கம் வரைக்கும் கூடவே வரும். அதைக் கவனித்துக்கொண்டவர் சவரிமுத்து, லேப் அட்டெண்டர், ஐம்பதைத் தாண்டியவர். ஃபியூஸ் போன பல்பு, ரேடியோ வால்வு எது கண்ணில் பட்டாலும் டங்ஸ்டன் கம்பிக்காகப் பொறுக்கிக்கொண்டு வருவார். மரியாதை தெரிந்த மனிதர். பிரின்சிபால் ஃபாதரின் அங்கி வராந்தாவில் தெரிந்தால் போதும், ஓடிப்போய்ப் பம்பை நிறுத்திவிடுவார். "பெரியவங்க வர்றப்ப இது கத்திக்கிட்டு இருக்கலாமா சார்?" என்பார். ஃபாதர் கடந்து போக ஒரு நிமிடம். வெற்றிடத்தை மறுபடி உண்டாக்க இரண்டு நாள். சேஷாத்ரி சார் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் சவரிமுத்துவிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க யாராலும் முடியவில்லை.

சேஷாத்ரி சாரிடமும் ஒரு கெட்ட பழக்கம். நான் திக்கினால் மிச்சத்தை அவரே சொல்லிவிடுவார். நான் "ப..." என்பேன். "பம்பா? பசியா? பத்து மணியா? சொல்லும் ஓய்!" என்று பிடுங்குவார். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. ஒருநாள் பம்பு ஓடிக்கொண்டிருக்கையில், குழாயில் எங்கே கசிகிறது என்று அவருக்குக் கத்தி விளக்கினேன். ஐந்து நிமிடம் இருக்கும். முடித்துவிட்டுப் பார்த்தால், மனிதர் குழாயை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஓய், நீர் ஒரு எடத்துலகூட நிக்கலை, தெரியுமோ?"

எனக்குத் தெரியவில்லை. அந்த இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அதுதான் காரணம் என்று சார் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருடைய நோட்டில் இடப்பக்கம் கற்றைக்கு, வலப்பக்கம் எனக்கு. இடப்பக்கம் பூஜ்யமாக நிறைந்தது. வலப்பக்கம் கொழித்தது.

அடுத்து ஃபாதரிடம் கெஞ்சி, பாட்டுக் குழுவுக்கென்று வைத்திருந்த டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கினார். பேசுகிற குரல் சற்றுப் பிந்திக் காதுக்குத் திரும்பும்படி உள்ளே எதையோ மாற்றினார். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்தேன். வழவழவென்று போயிற்று. "கொண்டாரும், நான் பாக்கறேன்" என்று பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு, தினம் சேவிக்கிற பாசுரத்தைத் தொடங்கினார். முதல் அடியிலேயே நின்றுவிட்டது. மறுபடி முயன்றார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, வார்த்தை வரவில்லை. சவரிமுத்து சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

சார் அதைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இதுதான் உமக்குத் தெனம் நடக்கறதா?" என்றார். தலையை ஆட்டினேன். "இது தெரியாம நானும் நடுவுல நடுவுல பிடுங்கிண்டிருந்தேனே. இனிமே உம்ம வாக்கியத்துல கை வெக்க மாட்டேன் ஓய். சத்தியம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை எழுதும்போதும் கலங்குகிறது. அதுவரை என் வாய்க்குள் வந்து பார்த்தவர் யாருமில்லை.

அந்தக் கல்வியாண்டின் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. கருவியையும் பார்ப்பார்கள், அதை விளக்குகிறவனையும் பார்ப்பார்கள். என் லெக்சரர் வேலை அந்த அரை மணியில் தொங்கியது. எங்கள் திட்டம் எளிது. பம்பு ஓடும், நான் பேசுவேன். எனக்குப் பயமே இல்லை. காலையில் கண்ணாடி முன் நின்று, நேர்வகிடெடுத்துத் தலை வாரிக்கொண்டு போனேன்.

பேசினேன். இங்கிலீஷில், உரக்க, அருவி மாதிரி. அடுப்பு, கீறல், வெற்றிடம் எல்லாம் வரிசையாக வந்தன. வந்தவர்களில் தலைவர் வயசானவர். கையைக் காதோரம் குவித்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். நான் பார்த்தேன். சவரிமுத்துவும் பார்த்தார். பார்த்தவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பவ்யமாக நடந்துபோய்ப் பம்பை நிறுத்தினார்.

ஐயோ, அந்த அமைதி! மெயின்கார்டு கேட்டில் பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது. நான் அப்போதுதான் பொட்டாசியம் என்று ஆரம்பித்திருந்தேன். "பொ..." என்றேன். "பொ... பொ..." சேஷாத்ரி சாரைப் பார்த்தேன். சொல்லுங்களேன் சார், முன்னெல்லாம் தினம் பிடுங்குவீர்களே, இன்றைக்கு ஒருதரம் பிடுங்குங்களேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதடு துடித்தது. ஆனால் சத்தியம் பண்ணியவர் ஆயிற்றே, வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தலைவரே "பொட்டாசியம்" என்றார். நல்ல கணீர்க் குரல்.

சவரிமுத்து என் பக்கத்தில் வந்து, "இப்ப அவங்களுக்கு நல்லாக் கேக்கும் சார், தைரியமா சொல்லுங்க" என்றார்.

அறிக்கை வந்தது. கருவி பாராட்டத்தக்கது, ஆராய்ச்சி தொடரலாம். டெமான்ஸ்ட்ரேட்டருக்கு விஷய ஞானம் உண்டு, வகுப்புக்கு ஆகமாட்டார். மூன்று வருஷமாக ஒரு பொட்டை நகர்த்தாத கருவி தேறிவிட்டது, நான் தேறவில்லை. அப்பா லால்குடியில் பேச்சை மாற்றிக்கொண்டார்: "லேப்பே இவன் கையிலதான் இருக்கு." ஓய்வு பெறும்வரை டெமான்ஸ்ட்ரேட்டராகவே இருந்தேன். அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைக்கவே இல்லை. சவரிமுத்துவிடம் அவர் செய்தது என்னவென்று நான் கடைசிவரை சொல்லவில்லை. சொல்வதானால் பேச வேண்டுமே.

சேஷாத்ரி சார் காலமானபின் அவர் வீட்டு மாமி அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். "உங்க பேர்தான் நெறைய இருக்கு, நீங்களே வெச்சுக்கோங்கோ." அந்த நாளின் பக்கத்தைத் தேடினேன். சார் எல்லாவற்றையும் இங்கிலீஷில்தான் எழுதுவார். இடப்பக்கம், பம்பு எண்ணெய் குழாய்க்குள் ஏறி வெற்றிடம் போயிற்று என்று இருந்தது. வலப்பக்கம் ஒரே வரி, தமிழில்: 'நான் சொல்லியிருக்கலாம்.'

பம்பு பழைய இரும்புக்குப் போய்விட்டது. லேபில் இப்போது கம்ப்யூட்டர்கள், ஒரு சத்தம் கிடையாது. நேற்று மகள் மறுபடி கூப்பிட்டாள். முகமெல்லாம் சந்தோஷம். "மெனக்கெட்டு உக்காந்து சரி பண்ணிட்டேன்ப்பா. எக்கோ சுத்தமா இல்ல. இப்ப தைரியமா பேசுங்க."

பேரனைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். "ப..." என்று நின்றது. மகள் படித்தவள். திக்குகிறவர்களைப் பிடுங்கக் கூடாது, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறாள். இப்போது எல்லாருமே அதைப் படித்திருக்கிறார்கள். கடைக்காரர் காத்திருக்கிறார், டாக்டர் காத்திருக்கிறார். கேட்பதற்குள் டிக்கெட்டைக் கிழித்து நீட்ட அந்தக் கண்டக்டர் இல்லை. பம்பா, பசியா என்று பிடுங்க சேஷாத்ரி சாரும் இல்லை. திரையில் மகள் புன்னகை மாறாமல் காத்துக்கொண்டிருந்தாள். நான் "ப..."விலேயே நின்றுகொண்டிருந்தேன்.