கைக்குள் அடங்கும் லென்ஸ்

கேமராக் கடையில் லென்ஸைத் தன் கேமராவில் மாட்டியதும் அக்கா அதன் வழியே சுவரையோ தெருவையோ பார்ப்பதில்லை. கேமராவைக் கடைக்காரரின் கையில் கொடுத்துவிட்டு, எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். "கண்ணுல வச்சு நேரா என்னைப் பாருங்க," என்கிறார். கடைக்காரர் பார்க்கிறார். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, தன்னை நோக்கியிருக்கும் அந்தக் கண்ணாடி வட்டத்தை அக்கா கொஞ்ச நேரம் வெறித்துப் பார்க்கிறார். பிறகு தலையை ஆட்டுகிறார்.

"வேணாம். மூஞ்சியில ஏறி உட்கார்ற மாதிரி இருக்கு. அடுத்தது எடுங்க."

லென்ஸ் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அது எப்படிப் படம் எடுக்கும் என்று பார்ப்பார்கள். படம் எடுக்கப்படுகிறவருக்கு அது எப்படித் தெரியும் என்று பார்க்கிற ஒரே ஆள் இவர்தான் என்று கடைக்காரர் என்னிடம் சொன்னார். புகழ்ச்சியாகச் சொன்னாரா, அலுத்துக்கொண்டாரா என்று எனக்குப் புரியவில்லை.

எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. குட்டையான உருவம். நடந்தால் சத்தம் வராத ரப்பர் செருப்பு. வளையல் போடுவதில்லை, டிக் டிக் என்று அடிக்கும் என்பதால் கைக்கடிகாரமும் இல்லை. பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறார். ஒரு வெள்ளைத் திரை, ஒரு ஸ்டூல், ஸ்டாண்டில் நிற்கும் பெரிய கேமரா. பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் படம் எடுப்பது பிழைப்பு. "நாள் முழுக்க சிரிக்காதீங்க, சிரிக்காதீங்கன்னு சொல்லிச் சொல்லி, வீட்டுல யாராவது சிரிச்சாக்கூட கை தானா மேல போகுது," என்பார்.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "எல்லாரையும் மேல அனுப்புறதுதான் நம்ம வேலை. ஆனா பத்திரமா கீழே இறக்கி விட்டுடுவேன்," என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பவர். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிற நாட்களில் மட்டும் அவர் அதைச் சொல்வதில்லை. அன்று பேச்சுக் கொடுக்காமல் சோற்றைப் போட்டு எதிரே வைத்துவிடுவாராம்.

ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு அக்கா ஆஸ்பத்திரிக்குள் போகிற வேலை வேறு. மூச்சில்லாமல் பிறக்கிற குழந்தைகளை, பிறந்து ஒன்றிரண்டு நாளில் போய்விடுகிற குழந்தைகளை, தாய் விரும்பினால் படம் எடுத்துக் கொடுக்கிறார். நர்ஸ்கள் அவரைச் 'சத்தமில்லாத அக்கா' என்கிறார்கள். கேமராவைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு போவார். வராந்தாவில் பார்க்கிறவர்கள், யாருக்கோ சாப்பாடு கொண்டுபோகிறார் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

முதன்முதலாக ஒரு நர்ஸ் கூப்பிட்டபோது ஸ்டூடியோவில் இருந்த பெரிய கேமராவைத்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். முழங்கை நீளத்துக்கு லென்ஸ். அதைத் தூக்கியதும் கட்டிலில் இருந்த பெண் குழந்தையைத் துணியால் மூடி, தன் உடம்பையே மறைப்பாக்கிச் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். "துப்பாக்கியைக் கண்ட மாதிரி திரும்புச்சும்மா அந்தப் பொண்ணு. நான் பின்னாடியே நடந்து வெளியில வந்துட்டேன்," என்றார் அக்கா. அதற்குப் பிறகுதான் சிறிய கேமரா தேடத் தொடங்கினார்.

தேடிப் பிடித்தது ரேஞ்ச்ஃபைண்டர் என்ற வகையைச் சேர்ந்த டிஜிட்டல் கேமரா. யாரோ வைத்திருந்து விற்றது. அதில் கண் வைத்துப் பார்க்கிற ஜன்னல் ஒரு மூலையில் இருக்கும், லென்ஸ் தனியே நடுவில் இருக்கும். ஜன்னலுக்குள் பார்த்தால் நடுவில் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப, இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் படம் தெளிவாக விழும். மோட்டார் கிடையாது, எல்லாம் விரல் வேலை. அதனால் லென்ஸையும் சிறிதாகச் செய்ய முடிகிறது. முக்கியமாக, எடுப்பவரின் பாதி முகம் கேமராவுக்கு வெளியே இருக்கும். "ஒரு கண்ணு அவங்களுக்குத் தெரியணும். மனுஷிதான் பார்க்கறாள்னு தெரியணும்," என்பது அக்காவின் கணக்கு.

அன்று கடைக்கு நான் கூடப் போனதற்குக் காரணம், அவருடைய பழைய லென்ஸ் உடைந்தது எங்கள் குடும்பத்தால்.

என் தங்கைக்குத் தலைப்பிரசவம். குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. ஆண் குழந்தை, தலை நிறைய முடி. மறுநாள் காலையில் நர்ஸ் வந்து தங்கையின் காதருகே குனிந்து கேட்டார்: "ஒரு படம் எடுத்து வச்சுக்கிறியாம்மா? வேணாம்னா வேணாம்." தங்கை வெகுநேரம் மேற்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வரச் சொல்லுங்க," என்றாள். அவள் கணவர் அப்போது ஏதோ கையெழுத்துப் போடக் கீழே போயிருந்தார்.

அக்கா வந்தார். ஸ்டூலை இழுக்காமல் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். கேமரா மடியில் கிடந்தது. ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"பிள்ளைக்கு என்ன பேரு நினைச்சு வச்சிருந்தீங்க?"

தங்கை சொன்னாள். அந்தப் பெயரை அதுவரை அவள் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அதன் பிறகு அக்கா அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேசினார். "அவனைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பிக்கலாமா? இன்னும் கொஞ்சம். விரலைப் பிடிச்சுக்குங்க. நீங்க என்னைப் பார்க்க வேணாம், அவனையே பாருங்க."

கையை நீட்டித் தங்கையின் தோளை ஒரு தடவை தொட்டார். அது ஆறுதலுக்கு என்று அப்போது நினைத்தேன். தூரத்தை அளக்கவும் சேர்த்துத்தான் என்று பிறகு தெரிந்தது. இந்த வகை லென்ஸ்களில் பெரும்பாலானவை ஒரு கை நீளத்தைவிடக் கிட்டே வந்தால் தெளிவைப் பிடிக்காது. லென்ஸின் அடியில் விரல் வைக்க ஒரு சின்னக் கொக்கி உண்டு. அது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் எவ்வளவு தூரம் என்பது அவர் விரலுக்கு மனப்பாடம். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

அவர் கேமராவைத் தூக்கினார். தங்கை நிமிரக்கூட இல்லை. அந்த நேரத்தில் கதவு திறந்தது.

"என்ன நடக்குது இங்கே? என் பிள்ளை என்ன வேடிக்கைப் பொருளா?"

சத்தம் வந்ததும் கை வந்ததும் ஒன்றாகவே நடந்தன. தங்கை கணவர் சாதாரணமாக எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுகிறவர். அவர் கை பட்டுக் கேமரா கட்டிலின் இரும்புக் காலில் மோதித் தரையில் விழுந்தது.

அக்கா கேமராவைப் பார்க்கவில்லை. முதலில் தங்கையைப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார், கலைந்த துணியைச் சரிசெய்தார். எழுந்து தங்கை கணவர் எதிரே நின்றார்.

"உங்களையும் கேட்டிருக்கணும் தம்பி. கேட்காம விட்டது என் தப்பு." "பிள்ளையை ஒரு தடவை வாங்கிக்கிறீங்களா?" என்றார்.

அவர் திரும்பி வெளியே போனார். குழந்தையைக் கடைசிவரை அவர் வாங்கவில்லை. வாங்கினால் நிஜமாகிவிடும் என்று பயந்தாராம். தங்கையிடம் பிறகு சொல்லியிருக்கிறார்.

கேமராவுக்கு ஒரு மூலை நசுங்கியதோடு சரி. லென்ஸின் வளையம்தான் வளைந்து இறுகிப்போனது. அதை நர்ஸ் சொல்லித் தெரிந்துகொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். அக்கா ஒரு வழுக்கைத் தலைக்காரரிடம் சிரிக்காதீங்க சார் என்று மன்றாடிக்கொண்டிருந்தார். புது லென்ஸ் நான் வாங்கித் தருகிறேன் என்றேன். "அதெல்லாம் வேணாம். கூட வாங்க, போதும். தனியா போனா அந்த ஆளு பெருசா எதையாவது என் தலையில கட்டிடுவாரு," என்றார்.

கடைக்காரர் அப்படித்தான் முயன்றார். முதலில் அவர் எடுத்துக் காட்டியது அகலமான வாயுள்ள லென்ஸ். விளக்கணைத்த அறையிலும் படம் எடுக்கும் என்றார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து அக்கா வேண்டாம் என்றது அதைத்தான். மேலும், அது கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற ஜன்னலின் கீழ்மூலையை மறைத்தது. "இந்த மூலையிலதான் பிள்ளையோட கால் வரும்," என்றார்.

அடுத்தது ஒரு தட்டையான லென்ஸ். கோட்டுப் பொத்தானைவிடக் கொஞ்சம்தான் பெரிது. "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுக்கா," என்றார் கடைக்காரர்.

"காரமே வேணாம்ப்பா எனக்கு," என்றபடி அக்கா என்னை ஓரமாக உட்காரவைத்து ஒரு படம் எடுத்து, பின்பக்கத் திரையில் காட்டினார். அறை முழுவதும் படத்துக்குள் வந்திருந்தது. ஓரத்தில் இருந்த என் தலை மட்டும் யாரோ பிடித்து இழுத்ததுபோல நீண்டிருந்தது. "பார்வை அகலமானா இப்படித்தான். நீங்க சிரிச்சுட்டுப் போயிடுவீங்க. அந்த அம்மா இந்தத் தலையை ஆயுசுக்கும் பார்க்கணுமே."

மூன்றாவது அழகாக இருந்தது. உபயோகிக்காதபோது கேமராவுக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்ளும்; எடுக்கும்போது வெளியே இழுத்துத் திருகிப் பூட்ட வேண்டும். என் மனம் அதில் விழுந்துவிட்டது. அக்கா அதைச் சில தடவை இழுத்தும் அழுத்தியும் பார்த்தார். "இழுக்க மறந்துட்டா எல்லாமே புகையா விழும். அந்த ரூமுக்குள்ள போனா எனக்கு என் பேரே மறந்துபோகும். இதை எங்கே ஞாபகம் வச்சுக்கிறது? தவிர, இதுக்குக் கட்டில் கால்மாட்டுக்குத் தள்ளிப் போய் நிக்கணும். எனக்குப் பக்கத்துல உட்காரணும்."

கடைசியில் அக்காவே அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். முப்பத்தைந்து மில்லிமீட்டர், நடுத்தரப் பார்வை. யாரோ வருடக்கணக்கில் புழங்கிய பழைய லென்ஸ்; எண்கள் பாதி தேய்ந்திருந்தன. முகத்தையும் நீட்டாது, தூரவும் தள்ளாது. அடியில் விரல் கொக்கி இருந்தது. உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். முழுதாக மறைந்துபோயிற்று.

"வெளிச்சம் கம்மியாத்தான் வாங்கும்க்கா. படம் புள்ளி புள்ளியா வரும்," என்று கடைக்காரர் எச்சரித்தார்.

"ஜன்னல் எதுக்கு இருக்கு? திரையை விலக்கிக்கிறேன். புள்ளி வந்தா வரட்டும். அந்த முகத்துல எல்லாமே பளிச்சுனு தெரியணும்னு யாரு கேட்டா?"

கேமராவில் மாட்டிக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார். இந்த முறை தலையை ஆட்டவில்லை. கடைக்காரர் கேமராவைக் கீழே இறக்கிய பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும் வழியில்தான் சொன்னார். "உங்க தங்கச்சியோட படம் ஒண்ணு விழுந்திருக்கும்மா. கீழே விழறதுக்கு முன்னாடி அழுத்திட்டேன் போல. எனக்கே தெரியாது, வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன். நானா கொண்டுவந்து நீட்ட மாட்டேன். கேட்கட்டும். சிலர் மறுநாளே வருவாங்க. சிலர் அடுத்த பிள்ளை நடக்க ஆரம்பிச்ச பிறகு வருவாங்க. எப்ப வந்தாலும் இருக்கும்."

அதைத் தங்கையிடம் சொன்னேன். மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் அவளாகவே ஸ்டூடியோவுக்குப் போன் செய்தாள்.

ஒரு விடுமுறை நாளின் பிற்பகலில் அக்கா என் தங்கையின் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கதவைத் திறந்தது தங்கை கணவர். அடையாளம் தெரிந்ததும் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். "அன்னிக்கு நான்..." என்று தொடங்கினார்.

"விடுங்க தம்பி. உள்ளே வரலாமா?"

சாப்பாட்டு மேசையில் நால்வரும் உட்கார்ந்தோம். அக்கா ஓர் உறையைப் பிரித்து இரண்டு பிரிண்ட்களைக் கவிழ்த்தபடி வைத்தார். "ரெண்டும் ஒரே படம்தான். ஒண்ணு முழுசா இருக்கு. ஒண்ணுல ஓரத்தை வெட்டியிருக்கேன். எது வேணுமோ அதை வச்சுக்குங்க. இப்ப எதுவும் வேணாம்னாலும் சரி."

தங்கை முதலில் வெட்டிய படத்தைத் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் குனிந்திருக்கிறாள். குழந்தையின் விரல்கள் அவள் கட்டைவிரலின் மேல் கிடக்கின்றன. முடியின் இழை இழையாகத் தெரிகிறது. அவள் அழவில்லை. "இவன் காது உங்க காதுதாங்க," என்று கணவரிடம் சொன்னாள்.

அவர் மற்றதை எடுத்தார். அதே படம்; வலது ஓரத்திலிருந்து ஒரு கை உள்ளே வந்திருந்தது. மங்கலாக, விரல்கள் விரிந்து, குழந்தையின் தலைக்கு வெகு அருகே. கேமராவைத் தட்டிவிட வந்த கை அது என்று எங்கள் நால்வருக்கும் தெரியும். வேறு யார் பார்த்தாலும், பிள்ளையின் தலையைத் தடவ வருகிற கை என்றுதான் சொல்வார்கள்.

"இது என் கைதானே?" என்றார்.

"ஆமா தம்பி."

அவர் அந்தப் படத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் விம்மலில் மேசை லேசாக அதிரத் தொடங்கியது. அக்கா எழுந்தார். யாரும் கேட்காமலே சமையலறைக்குள் போனார். குழாயைச் சத்தம் எழும்படி முழுதாகத் திறந்துவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினார்.