பஞ்சு இருந்த பல்

2025 பிப்ரவரி 17, திங்கட்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். பால் பாக்கெட் இரண்டையும் கழுவி, ஒன்றைக் காய்ச்சினேன். மோட்டார் போட்டேன், தொட்டி நிரம்ப வழக்கம்போல் பதினெட்டு நிமிடம். மூன்று இட்லியை வலப்பக்கமாக மட்டும் மென்று விழுங்கினேன். நான் வரைவாளராக இருக்கும் நில அளவை அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, பத்தரைக்குச் செங்கம் சாலையில் உள்ள பல் கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். வாயை மூடியே வைத்திருந்தேன். திறந்தால் எனக்கே நாறியது.

மாத இறுதியில் என் மகள் வேலைக்காக ஜெர்மனி போகிறாள். அதற்கு முன் இருவரும் சேர்ந்து, காற்று உருளை கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா பழகிச் சான்றிதழ் வாங்குவதென்று டிசம்பரிலேயே பேசி வைத்திருந்தோம். புதுச்சேரிக் கடலில் நான்கு முறை இறங்க வேண்டும். முதல் இரண்டும் நேற்று, ஞாயிற்றுக்கிழமை முடிந்தன. மீதி இரண்டு, வரும் சனிக்கிழமை. அதை விட்டால் அவளுக்கு நாள் இல்லை. “மலையைச் சுத்துற ஊர்ல இருந்துகிட்டு கடலுக்கு அடியில போய் என்ன தேடப் போறீங்க ரெண்டு பேரும்?” என்று என் கணவர் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பயிற்சியில் சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். பாதியில் நிற்கும் பல் சிகிச்சை ஏதும் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

உண்டு. போன மே மாதம் கீழ் இடது கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் ஆரம்பித்தார்கள். உள்ளே மருந்துப் பஞ்சு வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து, ஒரு வாரத்தில் வரச் சொன்னார்கள். அந்த நாள் வைகாசிப் பௌர்ணமி. கிளினிக் இருப்பது கிரிவலப் பாதையில். அன்று அங்கே வண்டி எதுவும் விடமாட்டார்கள். பௌர்ணமி போகட்டும் என்று எங்கள் ஊரில் எல்லாவற்றையும் தள்ளிப்போடுவதுபோல் இதையும் தள்ளிப்போட்டேன். பௌர்ணமி போனது. வலியும் போயிருந்தது. அடுத்து எட்டு ஒன்பது பௌர்ணமி வந்து போயின.

ஞாயிற்றுக்கிழமை, மூச்சுவிட வாயில் கவ்வக் கொடுத்த குழாய் ரப்பரில் முன்பு கவ்வியவர்களின் பல் தடம் இருந்தது. படகிலிருந்த ஒரே பக்கெட்டில் எல்லாருடையதையும் முக்கி எடுத்தார்கள். குமட்டிக்கொண்டு வந்தாலும் கவ்வினேன். பத்து மீட்டர் ஆழத்தில் எந்தத் தொந்தரவும் இல்லை. மேலே ஏறும்போது, ஆழம் காட்டும் கருவி ஐந்து மீட்டர் காட்டிய இடத்தில், தாடைக்குள்ளிருந்து யாரோ ஊசியால் வெளியே நெம்புவதுபோல் இருந்தது. பிறகு டக்கென்று ஒன்று விட்டது. நாக்கில் சுண்ணாம்புப் பொருக்கு. அதன் பின்னால் ஒரு சுவை. சாக்கடையில் ஊறிய துணியை வாயில் பிழிந்தால் அப்படித்தான் இருக்கும். ரப்பரை எடுக்கக் கூடாது. துப்ப வேண்டுமென்றால் அதற்குள்ளேயே துப்பலாம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். துப்பினேன். அடுத்த மூச்சும் அதே வழியாகத்தான் வந்தது.

படகில் ஏறியதும் ரப்பரைக் கழற்றி, மற்றவர்களைப் போலவே அந்தப் பக்கெட்டில் முக்கி வைத்தேன். மகள் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். உப்புத் தண்ணீர் குடித்துவிட்டேன் என்றேன்.

கிளினிக்கில் டாக்டர் சின்ன வயதுப் பெண். மாஸ்க் போட்டிருந்தும் ஒரு கணம் பின்னால் சாய்ந்தார். கொக்கி போன்ற ஒன்றால் பஞ்சை இழுத்துத் தட்டில் வைத்தார். கறுத்து, ஊறி, அரிசியளவில் கிடந்தது. அறை முழுக்க நாறியது. ஒன்பது மாதம் அதன்மேல்தான் சாப்பிட்டேன், பேசினேன், சாமி கும்பிட்டேன்.

“இதை வாயில வச்சிக்கிட்டா கடலுக்குள்ள போனீங்க?”

அடைப்பு ஓரமாக விட்டிருந்ததாம். ஆழத்தில் காற்று மெல்ல உள்ளே புகுந்திருக்கிறது. மேலே வரும்போது அது விரிந்து, வெளியேற வழியில்லாமல் அடைப்பை உடைத்திருக்கிறது. பல்லைக் காப்பாற்றலாம், ஆனால் இன்னும் மூன்று முறை வரவேண்டும், நிரந்தரமாக அடைத்துக் கேப் போடும்வரை இறங்கக் கூடாது என்றார். அப்படியானால் பிடுங்கிவிடுங்கள் என்றேன்.

“புடுங்கினாலும் அந்தக் குழி ஆறணும்மா. சனிக்கிழமைக்கு ஆவாது.”

சனிக்கிழமை என்னால் இறங்க முடியாது என்று சாயங்காலம் மகளிடம் சொன்னேன்.

“நீ வரலன்னா நானும் போகல.”

அதன் பிறகுதான் படிவத்தில் பொய் எழுதியதையும், ரப்பருக்குள் துப்பியதையும் சொன்னேன்.

“மத்தியான பேட்ச்ல ஒரு பொண்ணு உன்னோடதைத்தான் எடுத்து மாட்டுச்சும்மா.”

எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். என் கணவருக்குக் கிண்டல் வரவில்லை. நான் இல்லாமலே சனிக்கிழமை அவள் போகத்தான் வேண்டும் என்றேன். அவள் பயிற்சியாளரின் நம்பரை எடுத்து என் போனுக்கு அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை 4.50-க்கு எழுந்தேன். படகு ஆறு மணிக்குக் கிளம்பும் என்பதால், பல் விளக்கும் முன்பே பயிற்சியாளரைக் கூப்பிட்டேன். படிவத்தில் நான் எழுதியது பொய் என்றும், அந்த ரப்பரை இன்றைக்கு யாருக்கும் கொடுக்காமல் தூக்கி எறியும்படியும், பக்கெட் தண்ணீரை மாற்றும்படியும், சனிக்கிழமை என் மகள் தனியாக வருவாள், கடலில் கூட இறங்க அவளுக்கு வேறு ஜோடி பாருங்கள் என்றும் சொன்னேன்.