கறை மறைக்கும் கடதாசி

பெயின்ட் பூசுவதற்கு முன் சுவரில் ஒட்டும் வெள்ளைக் கடதாசியை விற்கிறவனுக்கு ஒரு மனக்குறை உண்டு: பூசி முடித்ததும் அவன் விற்ற சாமானை யாரும் பார்க்கமாட்டார்கள். என்னைப்போல் கடையில் கால் கடுக்க நின்று சாமான் விற்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மார்க்ஸ் டோர்மோய் தெருவில் இருக்கும் எங்கள் கடைக்கு வந்த இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பூ இல்லாத கடதாசி

ஒருவர் பாண்டிச்சேரிக்காரர், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். பழைய வீடு, சுவரெல்லாம் மெல்லிய வெடிப்பு. மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று மூன்று சுருளை விரித்து, நடுத்தரம் போதும் என்றேன். மூன்றையும் தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது, ஆனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் கேட்டார்: "ஏன் தம்பி, மூணுலயும் ஒரு பூ கூட இல்லையே, எதைப் பாத்து எடுக்கிறது?"

தலை வைத்த இடம்

மற்றவர் கார்ஜ் என்ற புறநகரில் இருந்து வந்த ஒரு அக்கா. போனில் படம் காட்டினார். கட்டிலுக்கு மேலே சுவரில் வட்டமாக ஒரு எண்ணெய்க் கறை. கணவர் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து, அந்தச் சுவரில் சாய்ந்துதான் செய்தி பார்ப்பாராம். எங்கள் சனத்தின் வீடுகளில் இந்த வட்டம் இல்லாத சுவரைக் காண்பது அரிது. இரண்டு தரம் பெயின்ட் அடித்தும் கறை மேலே வந்துவிட்டது. இப்போது மனுசன் இருதய ஒப்பரேசனுக்காக ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

நன்றாகக் கழுவி, கறை ஊறாமல் தடுக்கும் பூச்சு அடித்து, அது காய்ந்தபின் தடித்த கடதாசியை ஒட்டச் சொன்னேன். சேலை எடுப்பதுபோல் ஓரத்தைக் கசக்கிப் பார்த்து, ஆகத் தடித்ததையே எடுத்தார்.

"இது கட்டாயம் மறைக்குமோ?"

"ஓம் அக்கா, மறைக்கும்."

அவர் குரல் இறங்கிவிட்டது. "அவர் திரும்பி வந்தால் அறை வடிவாய் இருக்கோணும் தம்பி. வராட்டில், அந்த இடத்தை என்னாலை பாத்துக்கொண்டு இருக்கேலாது."

திரும்பி வந்த வட்டம்

அந்தப் பேச்சு என் மனதைவிட்டுப் போகவில்லை. கொஞ்சக் காலம் கழித்து அவர் மறுபடி வந்து போனை நீட்டினார். புதுச் சுவரில், அதே இடத்தில், அதே வட்டம். கழுவினது போதாது, பூச்சுக் காயமுன் ஒட்டியிருப்பீர்கள் என்று அவசரமாகப் பழியை அவர் தலையில் போடத் தொடங்கினேன். அவர் என்னைப் பேசவிட்டுவிட்டுச் சிரித்தார், கண் நிறைந்திருந்தது. கைப்பையிலிருந்து சூடான வடைப் பொதி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"பழசு மேலை வரேல்லை தம்பி. மனுசன் வீட்டை வந்து, தலைக்கு எண்ணெய் வைச்சு, பழையபடி சுவரிலை சாய்ஞ்சிட்டார்."

இந்தத் தொழிலில் கறைக்காக ஏச்சு வாங்கியவர்கள் பலர், வடை வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.