மியூரியல் அக்காவும் மூன்று கிலோவும்

காலை ஐந்து மணிக்குக் குளிசையை விழுங்கி, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த ஒரு மணித்தியாலத்துக்கு உலகத்தோடு கோபமாக இருப்பார் மியூரியல் அக்கா. குளிசை வெறும் வயிற்றில் போகவேண்டும். அது உடம்பில் சேரும்வரை தேத்தண்ணி கூடாது. எதிர்க் கதிரையில் அவருடைய கணவர் கிருபைரட்ணம் அண்ணை, இரண்டரைக் கரண்டி சீனி போட்ட பால் தேத்தண்ணியை ஊதி ஊதி உறிஞ்சிக்கொண்டிருப்பார். அண்ணைக்கு வயது ஐம்பத்தெட்டு, எடை ஐம்பத்துமூன்று கிலோ. இரண்டு குழல் புட்டு, ஒரு வாழைப்பழம், பிறகு ஒரு துண்டு கேக் என்று போனாலும் எங்கே போகிறதென்று தெரியாத உடம்பு.

"இஞ்சாருங்கோ, அதைக் கொஞ்சம் சத்தமில்லாமல் குடிக்கேலாதோ?"

"சூடாக் கிடக்கு."

"அப்ப ஆறவிட்டுக் குடியுங்கோவன்."

"ஆறினால் என்ன தேத்தண்ணி?"

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே உடுப்பிட்டியில் ஒரு தகரவேலி இருக்கிறது. தகரம் பார்வையை மறைக்கும். பேச்சை மறைக்காது. ஆகவே இந்தச் சண்டையைத்தான் நான் பல வருடங்களாக மணிக்கூட்டுக்குப் பதிலாகப் பாவித்து வருகிறேன்.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. கரவெட்டிப் பக்கத்தில் ஓர் அரச அலுவலகத்தில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதி கொடுக்கும் மேசை அவருடையது. பிறந்தவர்களும் கலியாணம் கட்டினவர்களும் செத்தவர்களின் சொந்தக்காரரும் ஒருநாள் அந்த மேசைக்கு வந்தே ஆகவேண்டும். எனவே வடமராட்சியின் மருத்துவ அறிவு முழுவதும் அவருக்கு இருந்த இடத்திலேயே கிடைத்தது. வந்தவர்கள் படிவத்தை நீட்டுவார்கள். அக்காவை மேலும் கீழும் பார்ப்பார்கள். பிறகு சிகிச்சையைத் தொடங்குவார்கள். எலுமிச்சம்புளியும் தேனும். குறிஞ்சா இலைச் சம்பல். இரவில் ஒன்றும் தின்னாமல் கிடப்பது. ஏரம்பர் என்ற முதியவர், தன் மனைவியின் மரணச் சான்றிதழ் எடுக்க வந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாராம்: "பிள்ளை, கொள்ளு அவிச்சுத் தண்ணியைக் குடியும். உம்மைப் பாக்க எனக்குக் கவலையாக் கிடக்கு."

"மனிசி போன துக்கத்திலையும் அவர் என்ரை உடம்பை மறக்கேல்லை பார், றொபின்," என்று என்னிடம் சொன்னார் அக்கா. "எனக்குத் தைரொயிட் ஐயா, அது சரியா வேலை செய்யிறேல்லை எண்டன். ஓ, என்ரை மருமகளுக்கும் உதுதான், அது பஞ்சி வருத்தம் எண்டார்."

சோம்பலுக்கு எங்கள் ஊரில் பஞ்சி என்று பெயர். தைரொயிட் என்பது பஞ்சிக்கு டொக்டர்மார் வைத்த இங்கிலிஸ் பெயர் என்பதே ஊரின் முடிவு.

அது தொடங்கியது எட்டு வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில். றோட்டுத் தார் உருகும் வெயிலில் அக்கா கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே களைத்தார். தலைமயிர் சீப்போடு வந்தது. புருவங்களின் வெளி நுனிகள் காணாமல் போயின. மிச்சத்தைப் பென்சிலால் கீறிக்கொண்டார். உடம்பு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தது. இரத்தம் சோதித்துப் பார்த்த டொக்டர், கழுத்தில் இருக்கும் சுரப்பி சோர்ந்துவிட்டதென்றும், சீவியம் முழுக்க ஒரு குளிசை போடவேண்டுமென்றும் சொன்னார். "கலியாணத்தண்டு போதகர் கேட்ட கேள்விதானே. சாகுமட்டும் எண்டு கேட்டார், ஓமெண்டு சொல்லிப்போட்டன்," என்றார் அக்கா. குளிசை தன் வாக்கைக் காப்பாற்றியது. குளிர் போனது, களைப்புப் போனது, புருவங்கூட ஓரளவு திரும்பியது. ஆனால் எடை எண்பத்திரண்டு கிலோவில் வந்து குடியிருந்துவிட்டது.

இந்த வருடம் தை மாதத்தில் ரொறன்ரோவிலிருந்து அண்ணையின் தங்கை நிமலினி வீடியோவில் வந்தார். மகன் பிறேமுக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது.

"மச்சாள், ஆவணியிலை உங்கை வந்துதான் வைக்கப்போறம். எங்கடை ஆக்கள் எல்லாரும் வருவினம். நீங்கள் அதுக்கிடையிலை ஒரு பதினைஞ்சு கிலோ குறைச்சிடுங்கோ என்ன?"

மண்டபத்துக்குப் பூச்சோடனை சொல்வது போலத்தான் சொன்னாராம். மாசி பிறக்குமுன் ஊருக்கு வந்த ஒருவரின் சூட்கேசில் மெலிவதற்கான தூள் அடைத்த ஒரு பெரிய ரின் வந்து சேர்ந்தது. ரின்னில் ஒரு பச்சை இலையும், காற்றடித்தால் விழுந்துவிடக்கூடிய ஒரு வெள்ளைக்காரியும் இருந்தார்கள். காலையும் மாலையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். "இதைக் குடிக்கேக்கை இங்கிலிஸ் மருந்து எடுக்கப்படாது மச்சாள். ரெண்டும் உள்ளுக்கை சண்டை பிடிக்கும்." முப்பது வருடமாக இங்கிலிஸ் பேசும் நாட்டில் இருக்கும் நிமலினிக்கு இங்கிலிஸ் மருந்தில் மட்டும் நம்பிக்கை வரவில்லை.

அக்கா குளிசையை நிறுத்தினார்.

முதல் இரண்டு கிழமையும் அவர் கக்கூசுக்கும் விறாந்தைக்கும் நடந்த நடையைத் தெருவில் நடந்திருந்தால் கொடிகாமத்துக்கே போயிருக்கலாம். மூன்று கிலோ குறைந்தது. குளிசை இல்லாததால் ஐந்து மணிக்கே தேத்தண்ணி குடித்தார். புருசனும் பெண்சாதியும் சேர்ந்து குடித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அப்படியொரு சமாதானத்தை நான் கேட்டதில்லை.

"அக்கா, குளிசையை விட்டிட்டியளோ?" என்று கேட்டேன்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"விடியக்காலமை சண்டையைக் காணேல்லை."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்காமல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அடுத்தவர் விசயத்தில் தலையிடாத பண்பாளன். ஊரில் மற்ற எல்லோரும் தலையிட்ட பிறகு, தலையிடவேண்டிய இடத்தில் மட்டும் எனக்கு அந்தப் பண்பு வந்தது.

பங்குனி மாதத்தில் கம்பளிச் சட்டை திரும்பவும் வெளியே வந்தது. முகம் ஊதியது. ஒரு வசனத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் கேட்பவருக்கு வேறு வேலை வந்துவிடும் அளவுக்குப் பேச்சு மெதுவானது. குரல் கரகரத்துக் கீழே இறங்கியது. எங்கள் சபைப் பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரல் பாடுகிறவர் அவர். குழுவை நடத்தும் தாரிகா ஒரு பயிற்சியில் பியானோவை நிறுத்திவிட்டு, "அன்ரி, நீங்கள் ஆம்பிளையளோடை நிண்டு பாடிப் பாருங்கோவன்," என்றாள். அக்கா வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். சுருதி சரியாகப் பொருந்தியது. நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பகிடி நல்ல பகிடி.

எடை இப்போது எண்பத்தாறு. நிமலினியிடம் இதற்கும் விளக்கம் இருந்தது. "அது நச்சுத்தண்ணி மச்சாள். கூடிப்போட்டுத்தான் குறையும். விட்டிடாதேங்கோ."

உயிர்த்த ஞாயிறு முடிந்து இரண்டாவது ஞாயிறு. ஆராதனையில் மூன்றாவது பாட்டு. எனக்குப் பக்கத்தில் நின்ற அக்கா இரண்டாவது அடியில் பாட்டை விட்டார். திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. பாட்டுப் புத்தகத்தை வாங்குப் பலகையின் மேல் வைத்துவிட்டு மெல்லச் சரிந்தார். அவசரமில்லாமல், யாருக்கும் தொந்தரவு கொடுக்க விரும்பாதவர் போல. கையைப் பிடித்தேன். ஐஸ் பெட்டிக்குள் கிடந்த மீன் மாதிரி இருந்தது. கிருபைரட்ணம் அண்ணை முன்வாங்கிலிருந்து ஓடிவந்தார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "மியூரியல், மியூரியல்" என்றாரே தவிர வேறொரு சொல் வரவில்லை.

மற்றவர்களுக்கு வந்தது. பிறசர் என்றார் ஒருவர். கொலஸ்ரோல் என்றார் இன்னொருவர். வாயைக் கட்டியிருக்கவேணும் என்றார் ஓர் அம்மா, பக்தியோடு. நாலு பேர் தூக்கி வான் வண்டியில் ஏற்றினோம். தூக்கும்போது ஒருவர், "சரியான பாரம்" என்று முனகினார்.

"மயக்கத்திலை எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. உது மட்டும் வடிவாக் கேட்டுது," என்று அக்கா பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நாடி நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இளம் பெண் டொக்டர் ஒருவர் கட்டிலடியில் நின்று அதை வாசித்தார். அண்ணை கேட்டதற்கிணங்க அந்த ரின்னை ஒரு கடதாசிப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தேன்.

"இதிலை என்ன இருக்கு அன்ரி?"

"இயற்கை எண்டுதான் போட்டிருக்கு."

"அலரிக்காய் நஞ்சும் இயற்கைதான்." ரின்னை மேசையில் வைத்தார். "சுரப்பி வேலை செய்யாட்டில் மூளை அதைப் பாத்து எழும்பு எழும்பெண்டு கத்தும். அந்தச் சத்தத்தைத்தான் இதிலை அளக்கிறம். அஞ்சுக்குள்ளை நிக்கவேணும். உங்களுக்கு நூறைத் தாண்டிட்டுது. இன்னும் ஒரு மாதம் இப்பிடிப் போயிருந்தா உங்களைக் கொண்டுவந்தும் பிரயோசனம் இருந்திராது."

அண்ணை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அக்கா, எட்டு வருடமாகக் கேட்க ஆசைப்பட்ட கேள்வியைக் கேட்டார்.

"டொக்டர், என்ரை நிறை முழுக்கத் தைரொயிட்தானே?"

"குளிசையை ஒழுங்காப் போட்டால் இந்த வீக்கம் வத்தும். அது நாலைஞ்சு கிலோ. அதுதான் தைரொயிட்டின்ரை."

"மிச்சம்?"

"மிச்சம் உங்கடை, அன்ரி."

அக்காவுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாக மாறி, தாதி ஓடிவர வேண்டியதாயிற்று. "என்னோடை உண்மை கதைச்ச முதல் ஆள் உந்தப் பிள்ளைதான்," என்று வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் நிமலினி அழைத்தார். தூளை நிறுத்தியது தவறு, இன்னும் ஒரு கிழமை பொறுத்திருந்தால் பலன் தெரிந்திருக்கும் என்றார். அண்ணை தொலைபேசியை வாங்கினார். தங்கையோடு அவர் குரலை உயர்த்தியதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"பிள்ளை, ரின்னிலை முக்கால்வாசி கிடக்கு. பிறேம் கலியாணத்துக்கு வரேக்கை அவனிட்டைக் குடுத்து விடுறன். நீ குடி."

குளிசை திரும்பியது. அதோடு காலைக் கோபமும் திரும்பியது. அண்ணை தன் தேத்தண்ணியோடு கிணற்றடிக்கு இடம்பெயர்ந்துவிட்டார். அங்கிருந்தும் கேட்கிறது.

மிச்சம் தன்னுடையது என்று தெரிந்த பிறகு அக்கா அதற்குரிய வேலையைத் தொடங்கினார். இரண்டு குழல் புட்டு ஒன்றாகியது. அலுவலகத்தில் பத்து மணிக்குத் தின்னும் ரோல்ஸ் நின்றது. பின்னேரங்களில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடக்கப் புறப்பட்டார். எங்கள் ஊரில் ஒரு பெண் காரணமில்லாமல் நடப்பது அவ்வளவு சுலபமல்ல. முதல் நாள் ஐந்து மோட்டார் சைக்கிள்கள் நின்றன. "ஏறுங்கோ அன்ரி, கொண்டுபோய் விடுறன்." "ஸ்கூட்டி பழுதோ?" "அண்ணையோடை கோவமோ?" ஒரு ஓட்டோக்காரர் கூலி வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தார். சும்மா நடக்கிறேன் என்றால் எவரும் நம்பவில்லை. ஆகவே நாலாம் நாளிலிருந்து கையில் ஒரு வெறும் பையைக் கொண்டுபோனார். கடைக்குப் போகிறார் என்று ஊர் திருப்திப்பட்டது. முழங்கால் நொந்த நாட்களில் பாதித் தூரத்தில் மதகில் குந்தியிருந்து அழுதிருக்கிறார். அதையும் அவரே சொன்னார், யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வது போல. "அழுதால் எத்தினை கிலோ குறையும் எண்டு டொக்டரிட்டைக் கேக்க மறந்துபோனன்."

ஆவணியில் எடை எழுபத்தொன்பது. தூளுக்கு முன்னிருந்த எடையிலிருந்து மூன்று கிலோ குறைவு. இதற்காக ஒரு பெண் ஆறு மாதத்தில் செத்துப் பிழைத்திருக்கிறாள்.

கலியாணம் தேவாலயத்தில் முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்தார்கள். அக்கா அரக்கு நிறச் சேலை கட்டியிருந்தார். வாசலிலேயே ஒரு தூரத்துச் சொந்தம் பிடித்துக்கொண்டது. "என்ன மியூரியல், ஒரேயடியா மெலிஞ்சு போனீர்? சீனி வருத்தமோ?" அதைத் தாண்டி ஐந்து அடி வைப்பதற்குள் நிமலினி வந்தார். கட்டிப்பிடித்தார். முதுகில் தட்டினார். "மச்சாள், நான் நினைச்சன் நீங்கள் இன்னும் கொஞ்சம் குறைச்சிருப்பியள் எண்டு." இரண்டு மருத்துவர்களும் ஒரே மண்டபத்தில் இருந்தும் கலந்தாலோசிக்கவில்லை.

குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். மணமக்களை நடுவில் நிறுத்தி, கமெராக்காரர் ஆட்களை அடுக்கினார். அக்காவைக் கண்டதும் கையைக் காட்டி, "அன்ரி, நீங்கள் பின்வரிசைக்கு வாங்கோ. அந்த ஓரமா. கொஞ்சம் சரிஞ்சு நில்லுங்கோ," என்றார். நிமலினி உதவிக்கு வந்தார். காதோடு காதாகத்தான் சொன்னார், ஆனால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மச்சாள், உந்தக் கைப்பையை வயித்துக்கு முன்னாலை பிடியுங்கோ. படத்திலை தெரியாது."

அக்கா மேடைப் படியிறங்கிப் போய், சாப்பாட்டு மேசையடியில் கிடந்த ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் வரிசையில், மாப்பிள்ளைக்குச் சரியாகப் பக்கத்தில் அதை வைத்தார். அதில் இருந்தார். சேலை மடிப்பை நீவிவிட்டார். பிறகு கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி, பின்னால் திரும்பிப் பாராமலே, நிமலினியிடம் பிடிக்கக் கொடுத்தார்.