கப்டனின் காலடியில் ஒரு மெழுகுதிரி

நடு லண்டனில் தூணின்மேல் ஏறி நிற்கிற கடற்படைத் தளபதியை உலகத்துக்கே தெரியும். அவர் தலையில் இருக்கிற புறாக்களுக்கும் தெரியும். எங்கள் கப்டனை மட்டும் என்னையும் இன்னொருத்தரையும் தவிர யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அந்த இன்னொருத்தரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தென் லண்டனில் மிச்சம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பழைய அங்கிலிக்கன் தேவாலயத்தில் நானும் அந்த இன்னொருத்தரும் துப்புரவு வேலை செய்தோம். செவ்வாயும் வெள்ளியும் காலை ஷிப்ட். நான் யாழ்ப்பாணத்தில் கந்தோரில் தட்டெழுத்தராக இருந்தவள். இங்கே கையில் நிலம் துடைக்கிற மொப்பைத் தந்தபோது ஏறிய கோபம் பல வருடம் இறங்கவில்லை. நான் அக்கா என்று கூப்பிட்ட அவர் மன்னார்க் கத்தோலிக்கர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மீன்பிடிக்கப் போன கணவர் கடலிலேயே இலங்கை நேவிக்காரரின் சூடுபட்டு இறந்துபோனார். பத்தொன்பது வயதான ஒரே மகனைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு அக்கா தனியே லண்டன் வந்திருந்தார். மகன் எப்படியாவது படகேறி ராமேஸ்வரம் போய்விட்டால் பிறகு இங்கே எடுத்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. காலையில் கோட்டைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவார். "இந்தக் கிழமை காத்து நல்லமாம். அடுத்த கிழமை வெளிக்கிடுவினமாம்." வேறு பேச்சே கிடையாது.

அந்தத் தேவாலயம் ஒரு குளிர்க்கிடங்கு. ஹீற்றரை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் போடுவார்கள். மாதா இல்லை, அந்தோனியார் இல்லை, சுவரெல்லாம் மொட்டை. இருந்த ஒரே உருவம் வடக்குச் சுவரில் பளிங்கில் நின்ற ஓர் இளம் ஆண்தான். கக்கத்தில் தொப்பி, ஒரு கை பீரங்கியின் மேல், காலடியில் நங்கூரம். கீழே பெரிய கல்லில் நெருக்கமாக ஆங்கில எழுத்து. அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

"பிள்ளை, இவர் எந்தப் புனிதர்?" என்று கேட்டார்.

நான் முதல் நாளே வாசித்திருந்தேன். பாய்க்கப்பல் காலத்துக் கடற்படைக் கப்டன். பின்னால் வந்த சரக்குக் கப்பல்கள் தப்பிப் போகட்டும் என்று தன் ஒற்றைக் கப்பலோடு எதிரியின் இரண்டு கப்பல்களை மறித்து நின்றவர். குண்டு பட்டுச் செத்தபோது வயது இருபத்தெட்டு. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நேவி என்ற சொல்லை அந்த முகத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"கடலில போறவையைக் காப்பாத்தினவர், அக்கா" என்றேன்.

முழுப் பொய்யும் இல்லைத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையே கப்டனின் காலடியில் மெழுகுதிரி எரிந்தது. பாதிரியார் கண்டுவிட்டார். தொலைந்தோம், வேலை போச்சு என்று நினைத்தேன். அந்த மனிதரோ சமையலறைக்குப் போய் ஒரு சாசரை எடுத்துவந்து மெழுகுதிரிக்குக் கீழே வைத்தார். இவ்வளவு காலத்தில் இவரைத் தேடி ஒருவர் வந்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டார். போகும்போது, இவர் புனிதர் இல்லை என்று உன் சிநேகிதிக்குச் சொல்லிவிடு என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கு வெள்ளி மெழுகுதிரி. சாசர் நிரம்பி நிலத்தில் வழியும்.

"கொளுத்துறது நீங்கள், சுரண்டுறது நானோ?" என்று நான் எரிந்து விழுவேன்.

"சுரண்டு பிள்ளை, உனக்கும் புண்ணியம்" என்று சிரிப்பார். அவர் சிரித்தது அந்த நேரத்தில் மட்டும்தான். எனக்கோ உள்ளே அறுக்கும். புருஷனைச் சுட்டவர்களின் சாதியைச் சேர்ந்த ஒருவனைக் கும்பிட வைத்துவிட்டேனே, பாவி.

மாசி மாதம் மகன் படகேறிய செய்தி வந்தது. பிறகு ஒன்பது நாள் ஒன்றும் இல்லை. பத்தாம் நாள் அக்காவின் தங்கை ஊரிலிருந்து ரெலிபோன் எடுத்தார். படகு கரை சேரவில்லை. கடலில் சூட்டுச் சத்தம் கேட்டதாம். யாருடைய உடம்பும் ஒதுங்கவில்லை.

வேலைக்கு வரவேண்டாம் என்று நான் சொல்லியும் அந்த வெள்ளிக்கிழமை அக்கா வந்தார். "வீட்டில இருக்க ஏலாது பிள்ளை" என்றார். நிலத்தைக் கூட்டினார். ஆட்கள் அமரும் வாங்குகளைத் துடைத்தார். பிறகு பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்தார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மொப்பை எறிந்துவிட்டுக் கத்தினேன்.

"போதும் அக்கா! இவர் புனிதருமில்லை, ஒண்டுமில்லை. இவர் நேவி! நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்."

"கத்தாதை பிள்ளை. கோயில்" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. "உந்த உடுப்பும் பீரங்கியும் எனக்குத் தெரியாதோ? நேவி எண்டு முதல் மெழுகுதிரி கொளுத்த முன்னமே தெரியும்."

"பிறகேன் கொளுத்தினீங்கள்?"

"வேற ஆரிட்டைக் கேக்கிறது? அந்தோனியாரே சுடுறவர்? சுடுறவனிட்டைத்தானே சுடாதை எண்டு கேக்கவேணும். இவர் தன்ரை ஆக்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லுவார் எண்டு பாத்தன்."

நான் எறிந்த மொப்பைப் போய் எடுத்துவந்தேன்.

அக்கா கல்லைக் காட்டினார். "இவ்வளவு எழுதியிருக்கு. இண்டைக்காவது முழுக்க வாசி."

வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். கப்பல், சண்டை, வீரம் எல்லாம் முடிந்து கடைசி வரிக்கு வந்தேன். உடல் கடலுக்கே கொடுக்கப்பட்டது. ஒரே மகனை இழந்த தாய் இந்தக் கல்லை வைத்தாள்.

"தாய்க்கு உடம்பு கிடைக்கேல்லையோ?"

"இல்லை அக்கா."

"தாயின்ரை பேர் என்னவாம்?"

மேலிருந்து கீழே ஒருமுறை தேடினேன். கப்டனின் பெயர் இருந்தது. கப்பலின் பெயர் இருந்தது. அரசரின் பெயர்கூட இருந்தது.

"போடேல்லை."

அக்கா குனிந்து கப்டனின் காலடியிலிருந்த சாசரை எடுத்தார். அந்தக் கடைசி வரிக்கு நேர் கீழே நிலத்தில் வைத்தார்.

"அப்ப இது அவவுக்கு" என்று சொல்லி மெழுகுதிரியைக் கொளுத்தினார்.

அன்றைக்கு நான் மெழுகைச் சுரண்டவில்லை.